ஞானம் ஆணா பெண்ணா

சித்தியின் கல்யாணம் நடக்குமா நிற்குமா என்பது, நான் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே செத்துப்போன ஒருவர் ஆணா பெண்ணா என்ற கேள்வியில் வந்து மாட்டிக்கொண்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். பெங்களூர் காக்ஸ் டவுனில் ஓட்டு வீடு ஒன்றில் குடியிருந்தோம். சித்தி எங்களோடு இருந்தபடியே டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வேலைக்குப் போய்வந்தாள். அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் காலமாகிவிட்டதால் சித்தியைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பு அம்மாவிடம் இருந்தது. அதிகாரம் மட்டும் மாமாவிடம் இருந்தது.

மாமா, அம்மாவுக்கு அண்ணன். ரயில்வே கூட்ஸ் ஆபீசில் கிளார்க். எந்த மூட்டையானாலும் எங்கே ஏற்றினார்கள், எங்கே இறக்க வேண்டும் என்று சீட்டு ஒட்டியிருக்க வேண்டும் அவருக்கு. மனிதர்கள் விஷயத்திலும் அப்படித்தான்.

மாப்பிள்ளை கோலார் தங்கவயல்காரர். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் சர்ச் கொயரில் கட்டைக்குரலில் பாடுவார். சித்தியும் அதே கொயரில் பாடினாள். போதகரின் மனைவி பார்த்துக் கொண்டுவந்த வரன் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். அந்த அம்மாளுக்கு இந்த யோசனை எப்படித் தோன்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை. பயிற்சி ஆரம்பிக்க வெகு நேரம் இருக்கும்போதே சித்தி பவுடர் பூசிக்கொண்டு கிளம்புவதை நான் பார்த்திருக்கிறேன். கர்த்தர்மேல் அவ்வளவு பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

பெண் பார்க்க வந்த அன்று எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இல்லை. அவருடைய அம்மா, கேசரியை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டே, ஊர்க்கதை பேச ஆரம்பித்தார். அவர் கணவரின் குடும்பம் பூர்வீகத்தில் ஆற்காட்டுப் பக்கமாம். தாது வருஷப் பஞ்சத்தில் பிழைக்கக் கிளம்பி நடந்தே வந்தவர்களாம்.

"எங்க வீட்டுக்காரரைப் பெத்தவங்க பேரு ஞானம். சின்ன வயசுல பஞ்சத்துல வரும்போது, கஞ்சித்தொட்டிகிட்ட அக்காவையும் கைக்கொழந்தத் தம்பியையும் தொலச்சுட்டாங்களாம். யாரோ புண்ணியவாளுங்க கூட்டிக்கினு போயி கோலார்ல உட்டாங்களாம்."

மாமாவின் கரண்டி பாதியில் நின்றது. அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஏனென்றால், இது எங்கள் வீட்டுக் கதை. மாமாவும் அம்மாவும் சித்தியும் தங்கள் அப்பாவின் வாயால் கேட்டு வளர்ந்த கதை. அவரைப் பெற்ற தாயார்தான் அந்த அக்கா. கைக்குழந்தைத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பெங்களூர் வந்து சேர்ந்து, மிஷன் விடுதியில் வளர்ந்தவர்.

"ஞானம்னா யாரு? உங்களுக்கு மாமனாரா, மாமியாரா?" என்று மாமா கேட்டார்.

"தெரியாதுங்களே. ரெண்டு பேரும் பிளேக்குல ஒரே வாரத்துல போயிட்டாங்களாம். இவரு அப்ப தவழ்ற கொழந்த. பக்கத்து லைன் வீட்டுக்காரங்க எடுத்து வளத்தாங்க. 'ஞானம் பெத்த புள்ள'ன்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான்."

அவர்கள் போன பிறகு மாமா காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் வம்சப் படம் வரைந்தார். ஆண்களுக்கு நீல மை, பெண்களுக்குச் சிவப்பு மை. ஞானத்தை மட்டும் பென்சிலால் எழுதினார். ஞானம் ஆண் என்றால், அக்கா வழியும் தம்பி வழியுமாக வந்த உறவு. மாப்பிள்ளை சித்திக்கு முறைமாப்பிள்ளை. ஞானம் பெண் என்றால், அக்கா தங்கை வழி. மாப்பிள்ளை சித்திக்கு அண்ணன் முறை. "கிறிஸ்தவங்களா மாறினா முறையும் மாறிடுமா? அண்ணனுக்குத் தங்கச்சியக் கட்டி வெச்சான்னு ஊரு என்னைக் காறித் துப்பும்," என்றார் மாமா. சித்தி மூலையில் உட்கார்ந்து, பிரித்த கடிதத்தைப் பார்ப்பதுபோல அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் கொயருக்குப் போகவில்லை. சாப்பாட்டிலும் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

மாமா தேட ஆரம்பித்தார். எங்கள் வீட்டுப் பைபிளின் கடைசிப் பக்கத்தில் அம்மாவின் அப்பா எழுதிவைத்திருந்தது: "என் தாயாரின் உடன்பிறந்தோர் இருவர். ஞானம், மற்றும் கடைக்குட்டித் தம்பி." ஞானம் தம்பியா தங்கையா என்று எழுத அவருக்குத் தோன்றவில்லை. சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் போதகர் எடுத்துக் காட்டினார். செல்லரித்த தாள்களில் அந்த அக்காவான என் கொள்ளுப்பாட்டியும் கடைக்குட்டியும் இருந்தார்கள். வழியில் தொலைந்த ஞானம் எப்படி இருக்கும்? ஞானஸ்நானப் பதிவேட்டிலேயே ஞானம் இல்லை என்று போதகர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கொள்ளுப்பாட்டியின் கல்லில் ஏதாவது எழுதியிருக்கும் என்று மாமாவுக்கு நம்பிக்கை. கல்லில் அவர் பேரைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் எட்டிப்பார்க்காத அந்தக் கல்லறைக்கு யாரோ புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தோட்டக்காரரைக் கேட்டோம்.

"ஈஜிபுரா பட்லர் தாத்தாதான். வருசா வருசம் ஈஸ்டருக்கு முன்ன அவரே பிரஷ் எடுத்துக்கினு வந்துருவாரு. அக்கான்னு சொல்லுவாரு."

கடைக்குட்டித் தம்பி உயிரோடு இருந்தார்! வெள்ளைக்காரத் துரைகளிடம் பட்லராக ஊர் ஊராகப் போனவர், அக்காவின் சாவுக்கு வரவில்லை என்று அம்மாவின் அப்பா அவரோடு உறவை அறுத்துக்கொண்டார். அதன்பின் அவரைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார் என்றுதான் மாமா நினைத்திருந்தார்.

அடுத்த விடுமுறை நாளில் ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு ஈஜிபுராவுக்குப் போனோம். மாமா தனியாகத்தான் போவதாக இருந்தது. "நானும் வரேன்" என்று சித்தி சொன்னாள். பல நாளைக்குப் பிறகு அவள் வாயைத் திறந்து சொன்னது அது ஒன்றுதான் என்பதால் மாமாவால் மறுக்க முடியவில்லை. சித்தி போனால் அம்மாவும் போக வேண்டும், அம்மா போனால் நானும். ஈஜிபுரா அப்போது கிராமம். இரண்டு பக்கமும் ராகி வயல். வழியில் பால் சொம்போடு வந்த ஒரு பெண்ணிடம் பட்லர் வீடு எங்கே என்று அம்மா கன்னடத்தில் கேட்டாள். "ஆ கடே, பேவின மரத ஹத்ர," என்று அந்தப் பெண் தூரத்து வேப்ப மரத்தைக் கைகாட்டினாள்.

பட்லர் தாத்தா ஒல்லியாக, நெட்டையாக இருந்தார். சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். நாங்கள் இன்னார் என்று தெரிந்ததும் ஒரு கணம் முகம் இறுகியது. பிறகு நாற்காலிகளைத் துண்டால் துடைத்தார். மாமா சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொல்லி, தாளை விரித்தார்.

ஞானம் என்ற பேரைக் கேட்டதும் தாத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "உயிரோடவா இருந்துது? ஞானம் உயிரோடவா இருந்துது?"

"இருந்துதுன்னா? அவனா, அவளா? அது தெரியணும் எங்களுக்கு," என்றார் மாமா.

தாத்தா மாமாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். சித்தியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "வெய்யில்ல வந்துகிறீங்கோ. மொதல்ல டீ. நீ வாம்மா, ஒரு கை குடு," என்று சித்தியை உள்ளே கூப்பிட்டார். பிஸ்கட் கிடைக்கும் என்று நானும் பின்னாலேயே போனேன்.

பிஸ்கட் கிடைத்தது. தகர டப்பாவைத் திறந்து என் மடியிலேயே வைத்துவிட்டார். அவர் ஸ்டவ்வைப் பற்றவைத்தார். சித்தி பீங்கான் கோப்பைகளை அலம்பினாள்.

"அந்தப் பையன் எப்பிடிம்மா?"

சித்தி அலம்பிய கோப்பையையே மறுபடியும் அலம்பினாள்.

"உன்னத்தான் கேக்கறேன். புடிச்சிருக்குதா?"

"நீங்க உள்ளதச் சொல்லுங்க தாத்தா. எதுவா இருந்தாலும் நான் ஏத்துக்கறேன்."

"உள்ளதத்தான் நானும் கேக்கறேன்."

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு தாத்தா கெட்டிலைப் பார்த்தபடியே பேசினார்.

"சின்னக்காவப் பத்திப் பெரியக்கா பேசாத நாளு கெடையாது. நான் தண்ணிக்கு அழுதேனாம். எடுத்தாரன்னு போனது திரும்பி வர்ல. எனக்காவப் போயித்தான் தொலஞ்சுது. செத்துப்பூட்டுதுன்னு இருந்தேன். இன்னிக்கு வந்து, அதுக்குப் பேரன் இருக்கான்றீங்கோ." கெட்டில் கொதிக்க ஆரம்பித்தது. "முறை இன்னாம்மா முறை. ஒரே வூட்ல ஒண்ணாச் சோறு துன்னு வளந்தவங்களுக்கு முறை. ரோட்ல பிரிஞ்சவங்களுக்கு இன்னா? ஆனா ஒண்ணு. நான் இப்ப அண்ணன்னு சொல்லிட்டன்னா, அப்புறம் எவங்கிட்டயும் வாயத் தொறந்து சின்னக்கான்னு சொல்ல முடியாது. இத்தினி வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் கெடச்சுது."

"வேணாம் தாத்தா," என்றாள் சித்தி. அழுதுகொண்டே சொன்னாள். "எனக்காக வேணாம்."

"டீ ஆறிடும். ட்ரேய எடு."

எல்லாம் என் காதில் விழுந்தது. மனத்தில் ஏறவில்லை. க்ரீம் வைத்த பிஸ்கட்டுகள் டப்பாவின் அடியில் இருந்தன.

கூடத்தில் தாத்தா ஒவ்வொருவருக்கும் கோப்பையை இரண்டு கையாலும் நீட்டினார். பிறகு நிமிர்ந்து நின்று, துரையிடம் விருந்தினர் வந்திருப்பதை அறிவிப்பதுபோலச் சொன்னார்: "ஞானம் ஆம்பளை. எனக்கு நேர் மூத்த அண்ணன்."

மாமா ஒரு நீண்ட மூச்சு விட்டார். அம்மா, "ஸ்தோத்திரம்" என்றாள். மாமா சட்டைப்பையிலிருந்து நீல மைப் பேனாவை எடுத்தார். அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாயில் பிஸ்கட்டோடு கேட்டேன்.

"தாத்தா, உள்ள சின்னக்கா சின்னக்கான்னு சொன்னீங்களே?"

பேனா நின்றது. சித்தி கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். மாமா என்னைப் பார்த்தார், பிறகு தாத்தாவைப் பார்த்தார்.

தாத்தா அசரவில்லை. "சின்னக்காவா? பால் ஊத்தற பொம்பள. கன்னடத்துக்காரங்கோ. வழியில சொம்பு வெச்சிக்கினு போனாங்களே, பாத்தியா? அதான் சின்னக்கா. பால்ல தண்ணி ஊத்தறான்னு சித்திகிட்ட சொல்லிக்கினு இருந்தேன்."

நான் பார்த்தவள்தான். எனக்குத் திருப்தியாக இருந்தது. மாமாவும் தன் டீயை ஒரு வாய் குடித்துப் பார்த்து, "ஆமா, தண்ணிதான்," என்றார். ஞானத்தை நீல மையால் எழுதினார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசியதற்காக அம்மா என் தொடையில் கிள்ளினாள். திரும்பி வரும்போது ஜட்காவில் சித்தி என்னை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் அழுதாள். கல்யாணம் நிச்சயமானால் சந்தோஷத்தில் அழுவார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பட்லர் தாத்தா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். சர்ச்சுக்குப் பின்னால் ஷாமியானாவில் பிரியாணி விருந்து. மாப்பிள்ளையின் அம்மா அவரைத் தேடிப் பிடித்து, தன் இலைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். தங்கவயலிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எங்க மாமனாரப் பத்திச் சொல்றதுக்கு ஒலகத்துல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. சொல்லுங்க பெரியவரே. எப்படி இருப்பாரு? தைரியசாலியா?"

"தைரியந்தான்," என்றார் தாத்தா. "பஞ்சத்துலயும் எங்கியோ போயி எதனாச்சும் புடுங்கிக்கினு வந்துருமாம். வந்துருவாராம்."

எல்லோரும் சிரித்தார்கள். இன்னும் சொல்லுங்கள் என்றார்கள். தாத்தாவும் சொன்னார். ஞானம் மரம் ஏறியது, நாயை விரட்டியது. ஒவ்வொரு வாக்கியத்தையும் மெதுவாக, கால் வைக்க இடம் பார்த்து நடப்பவர்போலச் சொன்னார்.

"நடந்து வரச்சே எனக்குத் தூளி வேணும்னு, தான் கட்டியிருந்த..." என்று நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். "தான் கட்டியிருந்த வேட்டியக் கிழிச்சுத் தூளி கட்டுனாராம்."

"தங்கமான மனுசன்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பையன் பொறந்தா அவரு பேரத்தான் வைக்கணும்."

தாத்தா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். நான் பின்னாலேயே போனேன். சர்ச் சுவரோரம் இருந்த குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். குழாயை மூடிய பிறகும் முகம் ஈரமாகவே இருந்தது. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினேன்.

"பிரியாணி காரமா தாத்தா?"

"ஆமாம்மா. காரம் ஜாஸ்தி."

நான் நேராகச் சமையல் நடக்கும் இடத்துக்கு ஓடினேன். இப்படியா மிளகாயை அள்ளிப் போடுவது, ஒரு வயதானவர் கண்ணெல்லாம் சிவந்து நிற்கிறார் என்று சமையல்காரரோடு சண்டை பிடித்தேன். பாவம், அவர் மறுபேச்சுப் பேசாமல் ஒரு கிண்ணம் நிறையத் தயிர் கொடுத்தார். சிந்தாமல் கொண்டுபோய்த் தாத்தாவிடம் நீட்டினேன். அவர் அங்கேயே நின்றுகொண்டு, என்னைப் பார்த்தபடி, முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். இப்போது சரியாகிவிட்டதா என்று கேட்டேன். சரியாகிவிட்டது என்றார்.