கடைசி அத்தியாயத்தை அம்மா ஒத்துக்கொள்ளவில்லை

புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் நான் முதலில் அதை மூக்கருகே கொண்டுபோவேன். பசையும் மையும் தவிர இப்போது ஒரு வாடையும் வருவதில்லை. எனக்குப் பழகிய புத்தக வாடை வேறு. ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரின் துவர்ப்பும், சுண்ணாம்புத் தொட்டியின் காரமும், எல்லாவற்றுக்கும் அடியில் லேசாக ஈரத் தோலும் கலந்த வாடை அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன அத்தனை புத்தகத்திலும் அது ஏறியிருந்தது.

சென்ற மாதம் மூன்று புத்தகங்களைப் படித்து முடித்தேன். ஒன்று தன்வரலாறு, ஒன்று கடலைப் பற்றியது, மூன்றாவது நாவல். மூன்றிலும் சேர்த்து நாற்பத்தொரு அச்சுப்பிழை. பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். எழுத்தும் கடுகு அளவுக்குத்தான் இருக்கிறது. கண்ணாடிக்காரனைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த மூன்றைப் பற்றியும் எனக்கு உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றைச் சொல்வதற்கு முன், அபிப்பிராயம் சொல்ல நான் எங்கே பழகினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

என் தந்தையை நாங்கள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். அவரும் அம்மாவும் தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்தார்கள். 'தோல் ஷாப்பு' என்பது எங்கள் வாய்க்கு வந்த பேர். நைனாவுக்குத் தோல் ஊறும் தொட்டியில் வேலை, அம்மாவுக்கு அதில் போடும் ஆவாரம்பட்டையை இடிக்கும் வேலை. கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் வாசகசாலை இருந்தது. அதைக் கவனித்துக்கொண்ட காசிம் பாய், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்ந்தவர். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர் அதில் என்ன இருந்தது, எப்படி இருந்தது என்று நாலு வார்த்தை சொன்னால்தான் அடுத்த புத்தகம் என்று அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படும்படி கூடத்தில் வைப்பதற்கென்றே தடித்த புத்தகமாகக் கேட்டு வாங்கிப் போனவர்களால் வந்த வழக்கம் அது. நைனா பேரில் ஒரு கார்டு இருந்தது. எடுப்பதும் கொடுப்பதும் சொல்வதும் பத்து வயதுக்காரனான நான்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அடுப்பு வேலை முடிந்ததும் விளக்கடியில் உட்கார்ந்துகொண்டு, "படிடா, கேப்போம்" என்பாள். நான் படித்து நிறுத்தியதும் புத்தகத்தை வாங்கிப் பிரித்து, படம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தாளாகத் தள்ளிப் பார்ப்பாள். பட்டை இடித்த கை அது. எத்தனை தரம் கழுவினாலும் வாடை போகாது.

ஒரு மழைக்காலத்தில் மூன்று புத்தகங்கள் வரிசையாக வந்தன. முதலாவது பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒருவர் எழுதிய சொந்தச் சரித்திரம். முழுவதும் கேட்டுவிட்டு அம்மா, "அறுபது வருஷம் வேளா வேளைக்குச் சாப்ட்டிருக்காரு. ஆக்கிப் போட்டவ பேரு ஒரு எடத்துலயும் வரலியே" என்றாள். இரண்டாவது நட்சத்திரங்களைப் பற்றியது. அது அவளுக்குப் பிடித்துவிட்டது. "இந்தாளு சொல்றத நம்பலாம். நமக்குத் தெரியலன்னு நாலு எடத்துல சொல்லிக்கிறாரு பாரு" என்றாள். இரண்டையும் நான் அப்படியே ஒப்பித்தேன். காசிம் பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "உங்க அம்மா பள்ளிக்கூடத்துல இல்லாதது என் அதிர்ஷ்டம்" என்றார்.

மூன்றாவது நாவல். அது பாதி ஆகியிருக்கும்போதுதான் புகார் வந்தது. வாசகசாலைக்கு வருகிறவர்களில் சபாபதி என்று ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தார். மடிப்புக் கலையாத சட்டையும், நடந்தால் கிறீச்சிடும் செருப்புமாக வருவார். நாங்கள் திருப்பிக் கொடுத்த நட்சத்திரப் புத்தகம் அடுத்து அவர் கைக்குப் போயிருக்கிறது. அந்தத் தெருவிலிருந்து வருகிற புத்தகத்தைப் பிரித்தால் குமட்டுகிறது, கார்டை நிறுத்தவேண்டும் என்று அவர் பாயிடம் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடி முடிவு செய்வதாக ஏற்பாடு.

வாடை என்று அவர் எதையெல்லாம் சேர்த்துச் சொன்னார் என்பது நைனாவுக்குத் தெரியும். "அவரு கால்ல மாட்டிக்கினு வர்ற செருப்பு எந்தத் தொட்டில ஊறிச்சாம்? பன்னீர்லயா?" என்றார். பிறகு, "அவங்க நிறுத்தறதுக்கு முன்னாடி நாமளே கார்ட குடுத்துட்லாம்" என்றார்.

அம்மா நிமிரவில்லை. "பாதிக் கதையில இன்னாத்த குடுக்கறது? முடியட்டும். அப்பால ரோஷப்படலாம்."

அந்தக் கார்டு போனால் எங்கள் வீட்டுக்குள் வர வேறு புத்தகம் கிடையாது. அம்மா புத்தகத்தை மரிக்கொழுந்தோடு துணியில் சுற்றி வைத்தாள். அது போதாதென்று சாம்பிராணிப் புகையும் காட்டினாள்.

நாவலின் கதை இதுதான். கட்டியவளையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஒருவன் ஓடிப்போகிறான். ஏழு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். அவள் ஓடிவந்து காலில் விழுகிறாள், சுபம். படித்து முடித்ததும் அம்மா புத்தகத்தை வாங்கவே இல்லை. அவள் சொன்னதை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறினேன். ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். காசிம் பாய் புத்தகத்தை முகர்ந்து பார்த்தார்.

"தர்கா வாசன வருது" என்றார். சிலர் சிரித்தார்கள். சபாபதி சிரிக்கவில்லை. "அதுக்கு அடியில இன்னா இருக்குன்னு பாருங்க, பாய்."

"பாக்கலாம். வழக்கப்படி பையன் மொதல்ல சொல்லட்டும்."

சொன்னேன். "ஏழு வருஷம் தனியா நின்னு புள்ளைய வளத்தவ, அவன் வந்து நின்னதும் எங்க போயிருந்தேன்னு ஒரு வார்த்த கேக்காம கால்ல விழுவாளா? எழுதினவருக்குக் காயிதம் தீந்துபோச்சோ இன்னாவோ. அம்மா ஒத்துக்கல."

சபாபதி எழுந்துவிட்டார். அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படித்து அவர் அழுதவராம். அதே அறையில் அதை உரக்கப் படித்தும் காட்டியிருக்கிறாராம். "பொறுமதாண்டா அந்தப் பொண்ணோட பெருமை! கேள்வி கேட்டா அவளுக்கும் சந்தக்கடைக்காரிக்கும் இன்னா வித்தியாசம்? போய் உங்க அம்மாகிட்டக் கேளு. இதுக்கு இன்னா பதில் சொல்றாங்கன்னு வந்து சொல்லு."

காசிம் பாய் மேசையைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார். "கார்ட நிறுத்திட்டா பதில் எப்படி வரும், குமாஸ்தா ஐயா?"

சபாபதி சன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். "பதில் வர்ற வரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

பதில் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போயிற்று. "பொறும வேற, வாய் இல்லாம இருக்கறது வேற. சந்தக்கடைக்காரி நல்லா கேப்பா. அதனாலதான் அவள யாரும் ஏழு வருஷம் ஏமாத்தறது இல்ல." அதற்கு ஒரு மறுப்பு வந்தது. மறுப்புக்கு அம்மா ஒரு மறுப்பு அனுப்பினாள். கார்டுப் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. நாங்கள் திருப்பும் புத்தகத்தைச் சபாபதியே முதலில் கேட்டு வாங்க ஆரம்பித்தார். பிரித்ததும் மூக்கைச் சுளிப்பார், ஆனால் படிப்பார். அம்மாவை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. தை பிறந்த பிறகு ஒரு நாள் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, தாழ்ந்த குரலில், "கடேசி அத்தியாயம் கொஞ்சம் அவசரந்தான். திரும்பப் படிச்சேன். மத்தது எதையும் நான் ஒத்துக்க மாட்டேன், அதையும் சொல்லிடு" என்றார்.

அம்மா அதைக் கேட்டுவிட்டு நைனாவைப் பார்த்தாள். "மூக்கு கொஞ்சம் தொறந்துக்கிச்சு போல" என்றார் நைனா.

அந்த மாடி அறை இருந்த இடத்தில் இப்போது சூட்கேஸ் விற்கிறார்கள். தெருவில் தொட்டிகளும் இல்லை. சென்ற மாதத்து மூன்று புத்தகங்களுக்கு வருகிறேன். தன்வரலாற்றில் ஆக்கிப் போட்டவளின் பெயர் வருகிறது. ஒரே ஒரு முறை, நன்றியுரையில். கடலைப் பற்றி எழுதியவர் முந்நூற்று எட்டுப் பக்கத்தில் ஓர் இடத்திலும் தெரியாது என்று சொல்லவில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. நாவல் நன்றாகத்தான் போகிறது. கடைசிப் பத்துப் பக்கத்துக்குள் மூன்று பேர் செத்துப்போகிறார்கள். காகிதம் தீர்ந்திருக்கும்.

இதையெல்லாம் எதிர் வீட்டு ரயில்வேக்காரரிடம் சொன்னேன். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று ஓர் ஆளாவது சொல்லாத புத்தகத்தை நான் படித்த கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் கணக்குப்படி சென்ற மாதம் நான் படித்தது மூன்று அல்ல, ஒன்றுகூட இல்லை.