நாடகத்துப் பையன் என்ன ஆனான்

தம்பி ரிமாண்டுக்குப் போனதிலிருந்து எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளும் ஒரு ஜெயில் ஓடிக்கொண்டிருக்கிறது. வார நாட்களில், சோறு தின்கிற நேரத்துக்கு, சிங்கள டிவியில் ஒரு தொடர் நாடகம். முழுக்க ஜெயிலுக்குள் நடக்கிற கதை. அடுத்த காம்பராக்காரிதான் வந்து, "உள்ள எப்படி இருக்கும்னு அப்படியே காட்டுறாங்கக்கா, நீங்க பாருங்க" என்று அம்மாவிடம் சொல்லிப் புண்ணியம் தேடிக்கொண்டாள். அன்றைக்குப் பிடித்த பிடியை அம்மா விடவில்லை.

நான் தேயிலைத் தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று அழுதால் எல்லாம் அழும். சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தால் எந்த மனிதக் குரலும் வேண்டாம், ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றிருக்கும். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்தது கடைச் சிங்களம். பருப்பு என்ன விலை, கருவாடு நல்லதா, அவ்வளவுதான். ஜெயிலுக்குள் பேசுகிற சிங்களம் அவளுக்கு ஏறாது. அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொல்ல வேண்டும். கெட்ட வார்த்தையையும் சொல்ல வேண்டும். விட்டால், "என்னமோ மறைக்கிற புள்ள" என்று முகத்தைத் தூக்கிக்கொள்வாள்.

தம்பி செய்த குற்றம் மாணிக்கக் குழியில் இறங்கியது. தோட்டத்துக்குக் கீழே, ஓடையோரமாக, யாரோ அனுமதி இல்லாமல் தோண்டிய குழி. பொலிஸ் வந்தபோது தோண்டச் சொன்னவன் ஓடிவிட்டான். வேலைக்கு இறங்கிய பையன்கள் அகப்பட்டார்கள். கூட இருந்த சிங்களப் பையன்கள் விவரமானவர்கள். "குலி வெடட்ட ஆவே" என்றார்கள். கூலி வேலைக்கு வந்தோம், வேறொன்றும் தெரியாது. தம்பியும் அதையே சொல்லியிருக்கலாம். அவனுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. சின்ன வயதிலிருந்து எங்களைக் குத்துவதற்கென்றே மற்றவர்கள் வைத்திருக்கிற வார்த்தை அது. கூலிக்காரன் மகன், கூலிக்காரன் பேரன். அதனால் இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மட்டத் பங்குவக் தியனவா" என்றானாம். எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. குழியில் இறங்குகிறவனுக்குச் சம்பளம் கிடையாது. சாப்பாடு போட்டு, கல் கிடைத்தால் அதில் ஒரு சிறு பங்கு கொடுப்பார்கள். அவன் சொன்னது அதைத்தான். குழி நடத்தியவர்களில் இவனும் ஒருவன் என்று பொலிஸ் எடுத்துக்கொண்டது. மற்றவர்களுக்குப் பிணை கிடைத்தது. பங்குக்காரர் உள்ளே போனார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். எனக்கும் அவன் மேல் கோபம்தான். அந்த இடத்தில் நான் இருந்தால் கூலி என்கிற அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேனா என்று யோசிக்கும்போது மட்டும் கோபம் பாதியில் நின்றுவிடும்.

நாடகத்தில் ஒரு சின்னப் பையன் வருவான். முதல் தடவை உள்ளே வந்தவன். வந்த அன்றைக்கே அவனைக் கக்கூஸ் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். வார்டில் ஒரு தடியன் இருந்தான். அவனுக்குக் கால் பிடித்துவிட மறுத்ததற்கு அடி. சோற்றுத் தட்டைத் தட்டிவிட்டார்கள். அம்மா முதல் நாளே முடிவு கட்டிவிட்டாள். "நம்ம தம்பி மாதிரியே முழிக்கிறான் பாரு."

கைதிகளைக் காலையில் வரிசையாக நிறுத்தி எண்ணுகிற காட்சி வந்தால் மட்டும் அவள் முகம் கொஞ்சம் தெளியும். "பெரட்டு மாதிரிதான். இது அவனுக்குப் பழக்கந்தான்" என்பாள். தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பேர். மற்றக் காட்சிகளுக்கெல்லாம் புடவைத் தலைப்பு வாய்க்குப் போய்விடும்.

"நடிப்பும்மா அது. ரத்தமில்ல, சாயம்" என்பேன்.

"சாயத்துக்கா அந்தப் புள்ள இப்படி அழுவுது?"

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தம்பியை அடிக்கிறார்களா இல்லையா. பார்க்கப் போகும்போதெல்லாம் கேட்பாள். அவன், "நல்லா இருக்கேம்மா" என்பான். அதை அவள் நம்பவில்லை. பெற்ற பிள்ளை சொல்வதைவிட டிவி சொல்வதை நம்பினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவளைக் கேலி செய்தேன். நானும் அரண்டுதான் போயிருந்தேன். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து அரண்டால் உலை வைப்பது யார்?

போன வாரம் அந்தப் பையனை எல்லாரும் சேர்ந்து அடித்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் நான் தமிழில் சொல்ல வேலை இருக்கவில்லை. ஒரு காவலாளி இன்னொருவனிடம், "மெருணா" என்றான். செத்துப்போனான். இந்தப் பக்கத்தில் அந்த வார்த்தை தெரியாத தமிழர் கிடையாது. அம்மா எழுந்து போய் டிவியை நிறுத்தினாள்.

அதற்கு மறுநாள்தான் தம்பியைப் பார்க்கிற நாள். ஓப்பநாயக்கவில் பஸ் ஏறி, இரத்தினபுரியில் மாறிப் போனோம். வழி முழுக்க அம்மா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். அங்கே வரிசை, சோதனை, சோற்றுப் பார்சலுக்குள் கரண்டியை விட்டுக் கிளறுவது, எல்லாம் வழக்கம்போல. பிறகு கம்பி வலை. இந்தப் பக்கம் நாங்கள் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் அவர்கள் ஒரு கூட்டம், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவோம்.

தம்பி இளைத்திருந்தான். அம்மா அவன் முகத்தை, கழுத்தை, கையைத் தேடித் தேடிப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அம்மா, அந்த ஜெயில் நாடகம் பாக்குறீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்க வார்டுலயும் டிவி இருக்கு. எல்லாரும் அதத்தான் பாக்குறோம். நாடகத்துல குடுக்குற சோறு இங்கத்த சோறவிட நல்லா இருக்காம், பழைய ஆளுங்க சொல்றாங்க" என்று சிரித்தான். சிரிப்பு சட்டென்று நின்றது. "ரெண்டு நாளா டிவி வேல செய்யல. அந்தப் பையன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்கல்ல? அவன் என்ன ஆனான்?"

வலையைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்திருந்தன. நாங்கள் கேட்க வந்ததற்குப் பதில் கிடைத்துவிட்டது. கதையில் வருகிற ஒருவனுக்காக யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

"பொழச்சுக்கிட்டான்யா" என்றாள் அம்மா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "காயமெல்லாம் ஆறிருச்சு. ஆஸ்பத்திரியிலருந்து நேரா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவங்கம்மா வந்து கூட்டிட்டுப் போனா."

அவன் என் பக்கம் திரும்பினான். "நெசமாவாக்கா? அம்மாவுக்குச் சிங்களம் வெளங்காதே."

"நெசந்தான். நானும்தான் பாத்தேன்."

அவன் பெருமூச்சு விட்டான். விரல்கள் வலையை விட்டன. "அப்ப நானும் வந்துருவேம்மா" என்றான்.

நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் சத்தம் போட்டார். தம்பி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க அந்த டிவிய சரி செஞ்சிருவாங்களா புள்ள?"

"செய்யாம இருப்பாங்களாம்மா. இன்னிக்கோ நாளைக்கோ செஞ்சிருவாங்க."

அவள் சிறைச்சாலைச் சுவரைப் பார்த்து, கோயிலில் நிற்பதுபோல இரண்டு கையையும் கூப்பினாள்.

"அது அப்படியே கெடக்கட்டும் சாமி."