பண்டாவைப் பற்றி நான் பேசியது

ஒன்பது வயதில் எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் அதிகம் இருக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஹம்பேர்க்கில் நாலாம் வகுப்பு. வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களை வாசித்துச் சொல்வது நான், வைத்தியரிடம் அம்மாவின் தலையிடியை விளக்குவது நான். ஆகவே, ஆளுக்கொரு விலங்கைப் பற்றி வகுப்பின் முன்னால் நின்று பேசவேண்டும் என்று ஆசிரியை சொன்னபோது, எல்லோருக்கும் முந்திக் கையை உயர்த்திப் பண்டாக் கரடியைப் பிடித்துக்கொண்டேன்.

நூலகத்தில் மூன்று புத்தகங்களைக் கரைத்துக் குடித்தேன். பண்டா ஒரு சோம்பேறிப் பொம்மை என்று நினைத்திருந்த வகுப்புக்கு நல்ல பாடம் புகட்டினேன். மூங்கிலை நொறுக்குகிற தாடை அது. கடித்தால் சிறுத்தையின் கால் என்ன ஆகும்? வளர்ந்த பண்டாவோடு சேட்டை விட எந்த மிருகமும் லேசில் துணியாது. ஆபத்தெல்லாம் குட்டிக்குத்தான். அதனால் குட்டி மரத்தில் ஏறிவிடும். தாய் மூங்கில் தின்னப் போனால் மணிக்கணக்காக வராது. குட்டி சத்தம் போடாமல் கிளையில் காத்திருக்கும்.

அங்கேதான் முன்வரிசைப் பையன் ஒருவன் குறுக்கிட்டான். குட்டியைத் தனியே விட்டுப்போகிற தாய் கூடாத தாய் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடாத தாய் இல்லை, என்னுடைய அம்மாவும் அப்படித்தான் என்றேன். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் முதலாம் வகுப்பில் படிக்கும் தம்பியும் வீட்டுக்குப் போய் உள்ளே பூட்டிக்கொள்வோம், யார் மணி அடித்தாலும் திறக்கமாட்டோம், மூச்சு விடமாட்டோம், ஆறு மணிக்கு அம்மா வேலையால் வந்துவிடுவார், இன்றுவரை எங்களை ஒரு சிறுத்தையும் தின்னவில்லை என்று விளக்கினேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. ஆனாலும் எனக்கு ஒன்று போட்டார். ஜெர்மனியில் ஒன்றுதான் ஆகச் சிறந்த புள்ளி.

அடுத்த கிழமை அம்மாவை வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னேன். அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலையில் அம்மா சேர்ந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. அகதியாக வந்து, வேலை செய்ய அனுமதி கிடைப்பதற்கே வருடக்கணக்காகக் காத்திருந்து எடுத்த வேலை. பெயர் அட்டையைச் சட்டையில் குத்திக் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வீட்டிலிருந்து புறப்படுவார். அந்த வேலை கிடைத்த பிறகு அவருக்குத் தலையிடியும் குறைந்திருந்தது.

மொழிபெயர்ப்பு வழக்கம்போல நான்தான். பின்னேரங்களில் பிள்ளைகளோடு யார் இருக்கிறார்கள் என்று ஆசிரியை மெதுவாகக் கேட்டார். ஒருவரும் இல்லையென்றால், பிள்ளைகளின் நலன் பார்க்கிற அரசாங்கக் கந்தோருக்கு அறிவிக்க வேண்டிவரும் என்றார். ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

“சித்தி வந்து நிக்கிறவ எண்டு சொல்லு,” என்றார் அம்மா.

“எந்தச் சித்தி? சித்தி கனடாவிலயெல்லோ, அம்மா?”

“நான் சொல்லுறதை மட்டும் சொல்லு.”

எனக்கு அது பிடிக்கவில்லை. புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லி ஒன்று வாங்கிய பிள்ளை நான். சித்தி வருவதாக அம்மா சொல்கிறார், ஆனால் எங்களுக்கு இருப்பது ஒரேயொரு சித்தி, அவர் கனடாவில் இருக்கிறார், அம்மாவுக்கு மறந்துபோய்விட்டது என்று ஆசிரியைக்கு உதவி செய்தேன். அம்மாவுக்கு ஜெர்மன் அவ்வளவாக ஓடாது. ஆனால் கனடா எந்த மொழியிலும் கனடாதான். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த மாத முடிவோடு வேலையை விட்டுவிட்டார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அடுத்த திங்கட்கிழமை நாங்கள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது கதவைத் திறந்தது அம்மா. மேசையில் சுடச்சுட ரொட்டியும் சம்பலும் இருந்தன. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நான் பண்டாவைப் பற்றி அவ்வளவு திறமாகப் பேசியபடியால்தான் அம்மா இனி எப்போதும் வீட்டில் நிற்பார் என்று தம்பியிடம் பெருமையடித்தேன். அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. இன்னொரு ரொட்டியை என் தட்டில் வைத்து, “ஓம், உன்னாலதான்,” என்றார். அவர் என்னைப் பாராட்டுகிறார் என்றே நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.