பாட்டு வந்த பக்கம்

எங்கள் வீட்டுக்குத் தெற்கே கடல். கடலுக்கு அப்பால் கொழும்பு. அங்கே வாப்பாவுக்கு ஒரு கடை இருந்தது. வருஷத்தில் பாதி அவர் அங்கேதான். ஒரு முறை திரும்பி வரும்போது தோளில் வார் போட்டு ஒரு டிரான்சிஸ்டர் கொண்டுவந்தார். அதன் முகத்தைக் கடலைப் பார்க்கத் திருப்பி வைத்தால் கொழும்பு ஸ்டேஷன் பக்கத்து வீட்டுப் பேச்சுப்போலக் கேட்கும். பக்கவாட்டில் திருப்பினால் பாட்டு ஈர மணலில் இறங்கும் தண்ணீர்போல மங்கிப்போகும். நேராக்கினால் மறுபடி ஊறி வரும். இதை எத்தனையோ சாயங்காலங்கள் தனியாக உட்கார்ந்து செய்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வகுப்பில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். ஆணிலும் நான்தான் முதல், பெண்ணிலும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. மதுரையில் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்த வருஷம், மழைக்கால லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். உம்மாவின் மூத்த சகோதரரான மாமா அப்போது ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். நல்ல இடம், கப்பலில் பங்கு இருக்கிறது என்றார். லீவு முடிந்து நான் கிளம்பியபோது அவரும் வாப்பாவும் கூடவே ஒரு பிளஷர் காரில் ஏறினார்கள். என்னை மதுரையில் விட்டுவிட்டு வரவா, அல்லது விடுதியில் கிடக்கும் என் பெட்டியை எடுத்துக்கொண்டு என்னையும் திருப்பிக் கூட்டி வரவா? வாப்பா சொல்லவில்லை. பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் நானும் கேட்கவில்லை.

பின் சீட்டில் வாப்பாவின் பக்கத்தில் டிரான்சிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டேன். மாமா முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில். கடல் கண்ணை விட்டு மறைந்த பிறகும் பாட்டு வந்துகொண்டிருந்தது. பனங்காட்டுக்குள் போனால் மெலியும். வெட்டவெளி வந்தால் விரியும். யாரோ ஒரு பெண், யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாள். கடலைத் தாண்டி, உப்பளத்தைத் தாண்டி, இந்த மழையில் நனையாமல் அந்தக் குரல் என் மடிக்கு வந்து சேர்ந்தது. கார் ஒரு வளைவில் திரும்பினால் குரல் விலகும். உடனே டிரான்சிஸ்டரை எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் திருப்புவேன், குரல் வந்துவிடும். அப்படியே போகப் போக, அசையாமல் இருப்பது அந்தப் பெட்டிதான், அதைச் சுற்றிக் காரும் பனைகளும் வானமும் மெல்லச் சுழல்கின்றன என்று தோன்றியது. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். கைமட்டும் விழித்திருந்தது.

பரமக்குடிக்கு முன்னால் ரோட்டைத் தண்ணீர் அறுத்துப் போட்டிருந்தது. டிரைவர் வண்டியைத் திருப்பி முதுகுளத்தூர்ப் பக்கம் விட்டார். அங்கிருந்து ஒரு மண்பாதை, அதிலிருந்து இன்னொன்று. மேகம் மூடி, வானம் எல்லாப் பக்கமும் ஒரே சாம்பலாக இருந்தது. கடைசியில் ஒரு கரை ஓரமாக வண்டி நின்றது.

"வழி தெரியுதா இல்லையாப்பா?" என்றார் மாமா.

"தெரியும் மொதலாளி. எங்கன இருக்கோம்னுதான் தெரியல," என்றார் டிரைவர்.

வாப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஸர் தப்பிரும். தொழுதுட்டுப் போவோம்."

கரைக்கு அப்பால் கண் எட்டுகிறவரை தண்ணீர், அலையடித்துக்கொண்டு. மாமா இறங்கியதும் அதைத் தன் இடக்கைப் பக்கம் வைத்து நின்றார். பாயை எதிரே விரித்தார். யோசிக்கவே இல்லை. எங்கள் கடற்கரை ஊரில் எல்லாரும் அப்படித்தான். கடல் இடக்கையில் இருந்தால் முகத்துக்கு நேரே மேற்கு, அதுதான் தொழும்போது முகம் வைக்கும் கிப்லா. நடக்கப் பழகும்போதே வந்துவிடும் பழக்கம் அது. வாப்பாவும் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றார்.

ஆனால் அது கடல் இல்லை, மழைக்கு நிரம்பிய கண்மாய். என் கையில் பாட்டு அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

சொல்வதா வேண்டாமா? தப்பாகப் போனால் மாமாவுக்கு அது ஒன்றே போதும். படிப்பு நின்று, விடுதிப் பெட்டி ஊருக்கு வந்துவிடும். சரியாக இருந்தாலும், மாமாவைத் திருத்துகிற பெண் என்று பேர். தொழுகையைத் தொடங்க வாப்பா காதுவரை கையை உயர்த்தப்போனார்.

"வாப்பா, கொஞ்சம் பொறுங்க. அது கண்மாய். கடல் அந்தப் பக்கம் இருக்கு."

மாமா திரும்பினார். "மதுரையில இதத்தான் சொல்லித் தாராகளா?"

"ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றார் வாப்பா.

"வீட்டுல கெளம்புனதுலேர்ந்து இதோட மொகத்தக் கொழும்ப விட்டு நான் எடுக்கல வாப்பா. வண்டிதான் திரும்புச்சு."

வாப்பா டிரான்சிஸ்டரை வாங்கினார். தானே மெல்லத் திருப்பினார். பாட்டு மங்கியது. இன்னும் கொஞ்சம் திருப்பினார்; எழுந்தது. காரின் சத்தம் இல்லாததால் தெளிவாக இருந்தது. பாதி ஆயுளைக் கழித்த ஊரின் குரலைக் கேட்டுக்கொண்டு அவர் அப்படியே நின்றார்.

"கொழும்பு அங்கன இருந்தா..." என்று கையை நீட்டினார்.

"பூகோளப் படத்துல நம்ம ஊருக்குத் தெக்கே, கொஞ்சம் கெழக்கே சாஞ்சாப்புல இருக்கு வாப்பா. அதப் பாத்து நின்னா, மேற்கு ஒங்க வலது கைப்பக்கம்."

"பாட்டுப் பொட்டியா நமக்குக் கிப்லா காட்டுறது?" என்று மாமா சிரித்தார்.

"பாட்டு வேண்டாம் மச்சான். பாட்டு வார பக்கம் போதும்," என்றார் வாப்பா. என் பக்கம் திரும்பி, "நிப்பாட்டும்மா," என்றார்.

நிறுத்தினேன். அந்த வெளியில் தண்ணீர் கரையில் மோதுவது மட்டும் கேட்டது. வாப்பா தன் பாயைச் சுருட்டி, கண்மாயை வலக்கைப் பக்கம் வைத்து மறுபடி விரித்தார். மாமா சற்று நேரம் தனியே நின்றார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே தம் பாயையும் இழுத்து வந்து போட்டார். அவர்களுக்குப் பின்னால் நானும் தொழுதேன். என்ன கேட்டேன் என்பது எனக்கும் படைத்தவனுக்கும் தெரியும்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் மேகத்தின் அடியில் ஒரு விரல் அகலம் திறந்து வெயில் சிவப்பாக விழுந்தது. நாங்கள் தலை வைத்த அதே பக்கம். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வண்டியை வடக்கே திருப்பினார்.

வெகுநேரம் கழித்து மாமா, முன்னால் பார்த்தபடியே, "மாப்ள வீட்டுக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்று கேட்டார்.

"பொண்ணு படிச்சிட்டிருக்குன்னு சொல்லுங்க மச்சான்."

"எம்புட்டு நாளைக்கு?"

"படிச்சு முடிக்கிறவரைக்கும்."

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெளியே நெல் வயல்கள் தண்ணீரோடு தண்ணீராகக் கிடந்தன. வாப்பா என் முழங்கையைத் தொட்டு, "ரேடியோவத் தொறம்மா. இங்கனயும் வருதான்னு பாப்போம்," என்றார்.

வந்தது. கரகரப்புக்கு அடியில், இழை இழையாக. மதுரை நெருங்க நெருங்க வேறொரு ஸ்டேஷன் அதன்மேல் ஏறிக்கொண்டது. ஆனாலும் விடுதி வாசல்வரை, என் கை அதைத் தெற்கே பிடித்தபடியேதான் இருந்தது.