மூன்றாவது களத்துச் சாக்கு

சென்ற வாரம் சிம்மக்கல்லில் வண்டிக்கு ஆயில் மாற்றக் கொடுத்துவிட்டு ஒர்க்‌ஷாப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அட்டை கிழிந்த ஒரு பத்திரிகை கிடந்தது. உலகத்தின் தலைசிறந்த கோல்ஃப் மைதானங்கள் என்று பளபளவென்று நாலு பக்கம். புல் அத்தனை பச்சை, எனக்கே இறங்கி மேயலாம் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து மெக்கானிக் என் வண்டியின் கறுத்த ஆயிலைத் தகர டின்னில் வடித்தார். வாடை மூக்கில் ஏறியதும் பத்திரிகையை மூடிவிட்டேன். பட்டியல் போட்ட புண்ணியவான்கள் எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சிரிக்காதீர்கள், நானும் கோல்ஃப் ஆடியவன்தான். பேரையூர் போகிற சாலையில் ஒரு நூற்பாலை இருந்தது. இருபத்து மூன்று வயதில் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். மின்சாரப் பிரிவு ஃபோர்மேன் ஜெபமணி அண்ணன். மாற்றலாகிப் போன மேனேஜர் ஒருவர் விட்டுச்சென்ற நாலு மட்டைகளையும் ஒரு பை பந்துகளையும் வைத்துக்கொண்டு, ஆலைக்குப் பின்னால் கிடந்த கரிசல் பொட்டலில் அவர் ஆறு குழி வெட்டியிருந்தார். குழி என்றால் மண்ணில் புதைத்த பால்பவுடர் டப்பா. கொடி என்றால் கிழிந்த சிவப்பு லுங்கி.

புல்லுக்கு எங்கே போவது? முளைக்கிற நாலையும் ஆடு விட்டு வைத்தால்தானே. அதனால் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வட்டமாக ஆற்று மணலைக் கொட்டி, ஜெனரேட்டரில் வடித்த பழைய ஆயிலை ஊற்றிப் பிசைந்து தட்டிவிடுவார். காற்றில் மணல் பறக்காது, பந்தும் ஒழுங்காக உருளும். அந்த வட்டத்துக்கு நாங்கள் வைத்த பெயர் களம். களத்தில் நடந்தால் கால் தடம் பதியும். அடுத்தவர் பந்து அதில் தட்டுப்பட்டுத் திரும்பும். ஆகவே ஆடி முடித்தவர், ஓரத்தில் கிடக்கும் சாக்கை இழுத்துத் தன் தடத்தைத் தானே அழித்துவிட்டுத்தான் நகர வேண்டும். மேனேஜரே வந்தாலும் அதுதான் சட்டம். கரிசல் வெடிப்புக்குள் பந்து விழுந்தால் கையை விட்டு எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பாம்பு இல்லையென்றால். என் சட்டை எல்லாம் ஆயில் வாடைதான். "நீ ஆபீஸ்ல வேல பாக்குறியா, லாரிக்கு அடியில படுத்துக் கெடக்கியா?" என்று அம்மா துவைக்கும்போதெல்லாம் கேட்பாள்.

ஒரு மாசி மாதம், மலைமேல் இருக்கும் புகழ்பெற்ற கோல்ஃப் கிளப் ஒன்றின் செயலாளர் ஆலைக்கு விருந்தாளியாக வந்தார். இங்கேயும் ஆட்டம் உண்டென்று கேள்விப்பட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். ஜெபமணி அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மலை மைதானத்தில் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. காலையிலேயே ஆறு களத்துக்கும் ஆயில் தெளித்துத் தட்டி வைத்தார். எனக்கோ, வெள்ளை பூட்ஸ் போட்ட அந்த மனிதரைப் பார்த்ததும் கூச்சம் பிடுங்கித் தின்றது. மூன்றாவது களத்தருகே அவரிடம், "தப்பா நெனச்சுக்காதீங்க சார். இது சும்மா பொட்டக்காடு. இத மைதானம்னு சொல்றதே வெக்கந்தான்" என்றேன். திரும்பினால் பின்னால் சாக்கோடு ஜெபமணி அண்ணன். விருந்தாளியின் பூட்ஸ் தடத்தை அழித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அந்தச் செயலாளரிடமிருந்து ஜெபமணி அண்ணன் பெயருக்குக் கடிதம் வந்தது. மலை மைதானத்தில் ஒரு நாள் ஆட வரலாம், ஒரே ஒருவர். அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"நீ போயிட்டு வா தம்பி."

"ஐயோ, நீங்கதாண்ணே போகணும்."

"நல்ல மைதானம் பாக்கணும்னு உனக்குத்தான் கெடந்து அடிச்சுக்குது. எம்புட்டு நல்லா இருக்குன்னு வந்து சொல்லு."

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மனதாரச் சொன்னார். நானும், வெட்கங்கெட்டவன், போனேன்.

அழகில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பனிமூட்டம், தைல மர வாசனை, மெத்தை போலப் புல். ஆனாலும் ஆட ஆட, இந்தப் புகழில் மைதானத்தின் பங்கு எவ்வளவு, மலையின் பங்கு எவ்வளவு என்று சந்தேகம் வந்தது. அந்தப் பனியில் மாட்டுக்கொட்டகையைக் காட்டினாலும் ஆகா என்றுதான் சொல்லத் தோன்றும். எப்படி அடித்தாலும் புல் பந்தைத் தாங்கிக்கொள்கிறது; எங்கள் கரிசல் ஒரு தப்பையும் மன்னிக்காது. கிளப் சுவரில் படமும் பாராட்டுமாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்த பெரிய மனிதர்கள் யாரும் பொட்டலில் ஆடிப் பார்த்த மாதிரி தெரியவில்லை. அப்புறம் எதோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்களோ!

ஓரிடத்தில் என் பந்து மணல் பள்ளத்தில் விழுந்தது. இறங்கி அடித்துவிட்டு ஏறியதும், பழக்கத்தில் சாக்கைத் தேடினேன். அங்கே வேலை பார்த்த அம்மா ஒருவர் மணல் இழுக்கும் கட்டையோடு ஓடி வந்தார். "நீங்க போங்க சார், அழிக்கத்தான் நாங்க இருக்கோம்." குனிந்து என் தடத்தை அவர் அழிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது களம் கண்ணுக்குள் வந்து நின்றது. அதற்குப் பிறகு ஒரு பந்தும் உருப்படியாகப் போகவில்லை.

என்ன சொல்வது என்று மலையிறங்கும் பஸ்ஸில் வத்தலக்குண்டு வரை ஒத்திகை பார்த்தேன். மறுநாள் சாயங்காலம் ஜெபமணி அண்ணன் மூன்றாவது களத்திலேயே நின்றிருந்தார்.

"எப்படி இருந்துச்சு தம்பி?"

"பச்சையா இருந்துச்சுண்ணே."

"அம்புட்டுதானா?"

"அங்க சாக்கு இல்லண்ணே."

விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடியட்டும் என்று காத்திருந்து, "அண்ணே, அன்னைக்கு நான் அவர்ட்ட சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"காதுல விழுந்துச்சு. விடு. உன் முறைதான், அடி" என்று மட்டையை நீட்டினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு சுருக்கமாக யாரும் கொடுத்ததில்லை. இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் நெஞ்சு நிறைந்து போகிறது. அப்படி ஒரு கடிதம் அப்புறம் வரவில்லை. அவர் கடைசி வரை அந்த மைதானத்தைப் பார்க்கவே இல்லை.

ஆலை மூடி வெகுகாலமாகிவிட்டது. கடைசி நாட்களில் அவர் தல்லாகுளத்தில் மகன் வீட்டில் இருந்தார். பார்க்கப் போனபோது டிவியில் எந்த நாட்டு கோல்ஃபோ ஓடிக்கொண்டிருந்தது. வெகு நேரம் பார்த்துவிட்டு, "இங்க யாரு தம்பி சாக்கு இழுக்குறது?" என்று கேட்டார். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

வண்டி தயாரானதும் வீட்டுக்குப் போகாமல் பேரையூர் சாலையில் விட்டேன். பொட்டல் முழுக்க வீடுகள். அன்றைக்கும் அங்கே நின்ற ஒற்றை வேப்பமரத்திலிருந்து அடி எண்ணிக்கொண்டு போனால், மூன்றாவது களம் இருந்த இடத்தில் ஒரு கார் நிற்கிறது. அதன் கீழே தரையில் கொஞ்சம் ஆயில் சொட்டியிருந்தது. குனிந்தேன், அதே வாடை. வாசலுக்கு வந்த வீட்டுக்கார அம்மா, "யாரு வேணும்?" என்று கேட்டார்.

"ஜெபமணி அண்ணன்" என்றேன்.

"அப்படி யாரும் இங்க இல்லையே" என்றார்.