முதல் கலவையில் செய்த நாற்பது தட்டுகள்

திருப்பதியை ஒட்டிய ரேணிகுண்டா தொழிற்பேட்டையில் கோவர்த்தனனின் பட்டறைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் முதலில் தும்முவார்கள். அங்கே பறக்கும் கரித்தூள் அப்படி. பிரமிளா அங்கே வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருடமாகிறது. அவள் தும்மி யாரும் பார்த்ததில்லை. வடமாலபேட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்ன ஊரில் அவள் வீடு. பத்தாவதில் கணக்கில் தோற்றுப்போனவள், பத்தொன்பது வயதில் மூட்டை பிரித்துக் கொட்டும் வேலைக்கு வந்தாள். நான்கு வருடத்தில் மிஷினைத் தனியாக ஓட்டினாள். அதற்குள் கல்யாணமும் ஆகி, லாரி ஓட்டும் ஹரிபாபுவுக்கு மனைவியானாள். மிஷினுக்கு உடம்பு சரியில்லை என்றால் அதன் சத்தத்திலேயே அவளுக்குத் தெரியும். புருஷனுக்கு உடம்பு சரியில்லாவிட்டால் அவர் வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும் என்று பட்டறையில் கேலி பேசுவார்கள்.

பட்டறை செய்வது ஒரே வேலைதான். பிளாஸ்டிக் குருணையோடு கரித்தூளையும் கரி இழைத் துணுக்குகளையும் சேர்த்து, உருக்கிக் கலந்து, மறுபடி குருணையாக வெட்டிக் கொடுப்பது. செல்போனுக்குள் வைக்கிற சர்க்யூட் போர்டைச் சாதாரண பிளாஸ்டிக் தட்டில் வைத்தால், உரசலில் சேரும் மின்சாரம் பொறியாகத் தாவி அதைக் கெடுத்துவிடும். தட்டு கொஞ்சம் மின்சாரம் கடத்துவதாக இருந்தால் போர்டு பிழைக்கும். அதற்காகத்தான் கரி. கரி கூடினால் தட்டு அப்பளம் மாதிரி நொறுங்கும், தொட்ட கையெல்லாம் ஒட்டும். குறைந்தால் மின்சாரம் கடக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கோவர்த்தனனுக்குத் தலைமுடி பாதி போயிருந்தது.

2021 செப்டம்பரில் விடாமல் மழை. கரி ஈரம் கோத்துக்கொண்டு மிஷினின் வாயில் அடைத்துக்கொண்டது. உள்ளே பிளாஸ்டிக் உருகி ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் அத்தனையும் இறுகி, இரண்டு நாள் சுரண்ட வேண்டும். பிரமிளா மிஷினின் நடு வயிற்றில் இருந்த மூடியைக் கழற்றி, மீதி இழைத் துணுக்குகளை அந்த வழியாகப் போட்டாள். அடைத்த வாயைச் சுத்தம் செய்வதற்குள் கரியில் பாதிகூட உள்ளே போகவில்லை. சரக்கு வீண், இன்றைக்குத் திட்டு நிச்சயம் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்த துண்டில் மீட்டரை வைத்துப் பார்த்தாள். மின்சாரம் வழக்கத்தைவிட நன்றாகக் கடந்தது. துண்டை வளைத்தாள். உடையவில்லை.

காரணம் பிற்பாடுதான் புரிந்தது. ஆரம்பத்திலேயே போட்டால் இழைகள் கடைசிவரை அரைபட்டுத் துண்டு துண்டாகிவிடுகின்றன. புளிசாதத்தைக் கிளறிக்கொண்டே இருந்தால் பருக்கை உடைகிற மாதிரிதான். பாதி வழியில் போட்டால் முழுசாகத் தப்பித்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. நடுவே இருக்கும் இடைவெளியைப் பொடிக்கரி நிரப்புகிறது. பிரமிளா இதை யாரும் சொல்லாமலே பதினோரு தடவை திரும்பச் செய்து பார்த்து, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் கோவர்த்தனனைக் கூப்பிட்டாள். அவர் மீட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

அடுத்த மாதம் ஆயுத பூஜை வந்தது.

"அண்ணா, மொதல்ல வந்த நல்ல கலவைய தனியா எடுத்து வெச்சுக்கினு கீறேன். பக்கத்துப் பட்டறைல குடுத்து அதுல நாப்பது தட்டு அடிச்சுக்கலாமா? சாமிக்கு வெச்சுட்டு, அதுலயே பொரி போட்டு எல்லாருக்கும் குடுத்துடலாம்."

கோவர்த்தனன் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "கேக்கணுமா பிரமிளா? நெல்லு அறுத்தா மொத மரக்கா சாமிக்குத்தானே. இதுவும் நம்ம பயிரு. அடி" என்றார்.

அவருக்கு அது வழக்கம். பிரமிளாவுக்கு அது வேறு. அவளுடைய அப்பா கங்கையாவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. நாற்பது வருடம் மற்றவர்கள் நிலத்தில் அறுத்து, மற்றவர்களின் முதல் மூட்டையைத் தலையில் சுமந்து, கங்கம்மா கோயில் படி வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வெளியே நின்றவர். அந்தக் குடும்பத்தில் இது என் முதல் விளைச்சல் என்று சொல்லிச் சாமிக்கு முன்னால் எதையாவது வைத்தவர்கள் யாரும் இல்லை. மிஷினுக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, அந்த நாற்பது கறுப்புத் தட்டுகளையும் அவளே அடுக்கினாள். சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர்கள், பக்கத்துப் பட்டறைக்காரர்கள் என்று வந்தவர்களுக்கெல்லாம் பொரி, கடலை, தேங்காய்மூடியோடு தட்டையும் கொடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொரு தட்டிலும் தசரா சுபாகாங்க்ஷலு 2021 என்று தெலுங்கில் ஒரு வாழ்த்து ஸ்டிக்கர்.

டிசம்பரில் ஒரு பெரிய கம்பெனிக்காரர் வந்து சாம்பிளைப் பார்த்து மயங்கிப்போய், "இதுக்குப் பேட்டன்ட் வாங்கிட்டு வாங்க, அஞ்சு வருஷத்துக்கு எங்களுக்கே போடுங்க" என்றார். கோவர்த்தனனின் மகன் ஹேமநாத் பி.டெக். படித்தவன். அவன் சென்னையில் சுஷ்மிதா என்கிற பேட்டன்ட் ஏஜென்டைப் பிடித்தான். அந்தப் பெண் பட்டறைக்கே வந்து, தும்மிக்கொண்டே நான்கு மணி நேரம் கேள்வி கேட்டாள். முதலில் இதைச் செய்தது யார் என்றபோது, கோவர்த்தனன் யோசிக்காமல் பிரமிளாவைக் காட்டினார். கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் அவள் பெயர் ஏறியது. பட்டறையில் இரண்டு மூட்டைச் சரக்காக இருந்தது, காகிதத்தில் 'மின்கடத்தும் நிரப்புத் துகள்கள் அடங்கிய ரெசின் பொருள்' ஆனது. பிரமிளா அதை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டாள்.

சுஷ்மிதா கேட்கத் தவறவில்லை: "இதை வெளியே யாருக்காவது வித்தீங்களா? கண்காட்சியில வெச்சீங்களா? யாருக்காவது காட்டினீங்களா?"

மூன்று பேரும் இல்லை என்றார்கள். பொய் சொல்லவில்லை. சாமிக்குப் படைத்துப் பிரசாதம் கொடுத்ததை ஊருக்குக் காட்டியதாக எண்ணுகிற மனிதரை எங்கள் பக்கத்தில் நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டும். அடுத்த பிப்ரவரியில் விண்ணப்பம் போட்டார்கள்.

பேட்டன்ட் பரிசோதனை ஆமை வேகத்தில் நடக்கிற காரியம். ஒன்றரை வருடத்துக்கு மேல் கழித்து அதிகாரியிடமிருந்து ஆட்சேபணைகள் வந்தன. இது வெறும் கலவைதானே, இதில் கண்டுபிடிப்பு எங்கே? ஜப்பான்காரர் ஒருவர் இதே மாதிரி செய்திருக்கிறாரே? இழை இவ்வளவு நீளம் என்பதற்கு என்ன ஆதாரம்? பிரமிளா பழையபடி ஒன்று, புதிய முறையில் ஒன்று என்று செய்துகொடுத்தாள். ஹேமநாத் இரண்டையும் திருப்பதியில் ஒரு காலேஜுக்குக் கொண்டுபோய், வெட்டி, மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்து வந்தான். ஆட்சேபணைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கிடைத்த மாதிரிதான் என்று சுஷ்மிதாவே வாய்விட்டுச் சொன்னாள்.

அப்போதுதான் போட்டிக் கம்பெனி ஒன்று எதிர்ப்பு மனு போட்டது. கூடவே யாரோ எப்போதோ பேஸ்புக்கில் போட்ட ஒரு போட்டோ. மிஷின், குங்குமம், கறுப்புத் தட்டுகளில் பொரி, பக்கத்தில் பட்டுப்புடவையில் பிரமிளா. ஸ்டிக்கரில் வருடம் பளிச்சென்று தெரிந்தது. விண்ணப்பம் போடுவதற்கு நான்கு மாதம் முன்பே பொருளை ஊருக்குக் கொடுத்தாயிற்று, ஒரு தட்டை வெட்டிப் பார்த்தால் யாருக்கும் விஷயம் விளங்கிவிடும், அதனால் பேட்டன்ட் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

ஆனால் அவர்களிடம் தட்டு இல்லை. தட்டு வாங்கிப் போனவர்களெல்லாம் என்றைக்கோ தூக்கிப் போட்டிருந்தார்கள். போட்டோவைப் பார்த்து அது எந்தக் கலவை என்று யாரால் சொல்ல முடியும்? கலவையைக் கையால் செய்தவள் என்ற முறையில் சொல்லக்கூடியவள் பிரமிளா ஒருத்திதான். ஹேமநாத் ஒரு காகிதத்தோடு வந்தான்.

"அக்கா, ஒரே வரி. அந்தத் தட்டுங்க மீந்துபோன பழைய கலவைல செஞ்சதுன்னு. கையெழுத்து போட்டுட்டா கத முடிஞ்சுது."

"பொய்யாச்சே ஹேமா."

"பன்னண்டு குடும்பம் கீது அக்கா இங்க. உன் பேரும்தானே அதுல கீது."

"மீந்ததத்தான் சாமிக்கு வெச்சேன்னு நான் எழுதணுமா?"

"சாமி வந்து படிக்கப் போவுதா?"

அவள் கையெழுத்துப் போடவில்லை. விசாரணை அன்றைக்கு வாயால் சொல்கிறேன் என்றாள். சுஷ்மிதா போனில் ஒன்றுதான் சொன்னாள்: "நீங்க உண்மைன்னு சொல்றதைத்தான் நான் வாதாடுவேன்." கோவர்த்தனன் எதுவுமே சொல்லவில்லை. அது பிரமிளாவுக்கு எல்லாவற்றையும்விடப் பாரமாக இருந்தது. திட்டினாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம்.

ஒரு வாரம் அவள் படாத பாடு பட்டாள். பெயர் வேண்டும் என்றுதான் இருந்தது, அதை மறைப்பானேன்? பன்னிரண்டு பேர் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்தது. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை பேனாவைக்கூட எடுத்தாள். அந்த ஒரு வரியில் மீந்துபோன என்ற வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவள் முழு மனசோடு கொடுத்தது அது. அதைத் தானே எச்சில் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமா?

2024 ஜூலையில் விசாரணை. காலை பதினோரு மணிக்குக் கோவர்த்தனனின் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். திரையில் அதிகாரி, சுஷ்மிதா, எதிர்தரப்பு வக்கீல். முக்கால் மணி நேரம் இங்கிலீஷில் ஓடியது. அப்புறம் அதிகாரி தமிழுக்கு வந்தார்.

"அம்மா, போட்டோவில இருக்கிற தட்டுகள் எந்தக் கலவையில செஞ்சது?"

"மொத கலவ சார். இந்தக் கேசுல கீதே, அதே கலவ."

ஹேமநாத் நாற்காலியில் அசைந்தான்.

"மீதியான பழைய சரக்கு இல்லையா?"

"சாமிக்கு யாராவது மீந்தத வெப்பாங்களா சார்?"

"கொடுத்ததைத் திருப்பி வாங்கினீங்களா?"

"பிரசாதம் குடுத்த தட்ட எப்டி சார் திருப்பிக் கேக்கறது?"

அதிகாரி சற்று நேரம் எழுதிக்கொண்டிருந்தார். "இதைச் சொன்னா உங்களுக்கே பாதகம்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

இதையே எழுத்தில் கொடுக்கும்படி கேட்டார். கொடுத்தாள்.

திரை அணைந்ததும் ஹேமநாத் கதவை அறைந்துவிட்டு வெளியே போனான். கோவர்த்தனன் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "அடின்னு சொன்னவன் நானு. ஒன்ன இன்னா சொல்ல" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிரமிளாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தீர்ப்பு வருவதற்கு முன்பே பெரிய கம்பெனி விலகிக்கொண்டது. இரண்டாவது ஷிப்டு நின்றது. நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் சென்னம்மா ஒருத்தி. பதினைந்து வருடமாக பஸ்ஸில் பிரமிளாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவள், திருப்பதியில் வேறு வேலை தேடிக்கொண்ட பிறகு அதே பஸ்ஸில் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஹேமநாத் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிரமிளா இதையெல்லாம் எதிர்பார்த்தவள்தான். எதிர்பார்த்ததால் வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஜனவரியில் தீர்ப்பு வந்தது. இங்கிலீஷில் ஒன்பது பக்கம். ஹேமநாத் அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு மிஷின் பக்கம் வந்தான். எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, தமிழில் சொல்லிக்கொண்டே படித்தான். எட்டாவது பக்கம் வரைக்கும் கடுகடுவென்றுதான் படித்தான்.

ஒன்பதாவது பக்கத்தில் அவன் வேகம் குறைந்தது. "சொன்னால் தனக்கே இழப்பு என்று தெரிந்தும் கண்டுபிடிப்பாளர் சொன்ன சொல் இது. அதைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. இந்தப் பொருளை முதன்முதலில் செய்தவர் பிரமிளா என்பதும், அதை அவர் அப்போதே மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார் என்பதும் அவருடைய சொல்லாலேயே நிரூபணமாகின்றன. ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது."

ஹேமநாத் காகிதத்தை மடிக்கப் போனான், மடிக்கவில்லை.

"அக்கா," என்றான். ஆறு மாதத்துக்குப் பிறகு அவன் அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். "இன்னொரு வாட்டி படிக்கட்டா?"

"வேணா. என் பேரு எங்க போட்டுக்கீது, அத்த மட்டும் காட்டு."

அவன் விரல் வைத்துக் காட்டினான். இங்கிலீஷில் தன் பெயரை அவளுக்கு வாசிக்கத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். கடைசி எழுத்து வரைக்கும் வந்துவிட்டு, இத்தனை மாதமும் அழாதவள், அத்தனை பேருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதாள்.