நாலாம் நம்பருக்கு மூச்சு வாங்குது!

போன மாதம் இரண்டு வாரம் இந்த இடத்தில் என்னைக் காணோம். பதிலுக்கு ராசிபலன் அரைப் பக்கம் கூடுதலாக நீண்டு கிடந்தது. என் ராசிக்கு, 'எழுத்துத் துறையினருக்கு ஏற்றம்' என்று வேறு போட்டிருந்தார்கள். எனக்கு வந்த எரிச்சலைக் கேட்காதீர்கள்.

ஊருக்குப் போயிருந்தேன், உடம்பு சரியில்லை என்றெல்லாம் சொல்லித் தப்பிக்கலாம்தான். உங்களிடம் எதற்குப் பொய்? எழுதியாகிவிட்டது… அனுப்பத்தான் முடியவில்லை. காரணம் - எங்கள் வீட்டில் நடந்த டாங்கிப் போர்.

என் கணவர் புனேவை ஒட்டிய சிஞ்ச்வட்டில் ஒரு கார் பிரேக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினீயர். இந்தப் பக்கத்து ஃபேக்டரிகளுக்கு வார லீவு ஞாயிறு கிடையாது, வியாழன். எனக்கோ வியாழன் சாயங்காலம் நாலு மணிக்குள் பத்தி சென்னைக்கு மெயிலில் போயாக வேண்டும். வாரத்தில் ஏழு நாள் இருக்க, இவருடைய விளையாட்டும் என் வேலையும் ஒரே மதியத்தில் வந்து முட்டிக்கொண்டன.

விளையாட்டா? ஆமாம், நாற்பத்து நாலு வயதில்! புது கம்ப்யூட்டர், அதற்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, காதில் ஹெட்போன். ஆகுர்டியில் இருக்கும் ஃபேக்டரி நண்பர்கள் மூன்று பேரோடு நெட்டில் டாங்கி ஓட்டி ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள். அதே அறையில், எதிர்ச்சுவரை ஒட்டி என் பழைய கம்ப்யூட்டர். இரண்டுக்கும் கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த ஒரே நெட் கனெக்‌ஷன்.

டாங்கி கிளம்பி இருபது நிமிடம் ஆனதும் நெட் போய்விடும். அரை மணி கழித்துத் தானாக வரும். மறுபடி டாங்கி, மறுபடி இருபது நிமிடம்… போச்சு!

"ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாள் விளையாடாம இருங்களேன்" என்றேன். எங்களுக்குப் பூர்வீகம் கோயம்புத்தூர். கோபத்திலும் 'ங்க' போகாது.

"தப்பு எங்க இருக்குதுன்னு கண்டுபிடிக்கோணுமில்ல? மெஷினை ஓட விட்டாத்தான் தப்பு தெரியும்" என்றார். அதாவது, அவர் விளையாடவில்லையாம். டெஸ்ட் செய்கிறாராம்.

சரி, பிரவுசிங் சென்டருக்கு ஓடலாம் என்றால் இது புனே. மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை ஷட்டரை இறக்கிவிட்டு ஊரே தூங்கும். எங்கள் பில்டிங்கில் அந்த நேரத்தில் நெட்டைத் தொடுவது நாங்கள் இருவர் மட்டும். அதனால் வேறு யாரும் புகார் சொல்லவும் இல்லை.

இவர் ஃபேக்டரி முறைப்படி விசாரணையை ஆரம்பித்தார். 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டால் மூலகாரணம் தெரிந்துவிடுமாம். நெட் ஏன் போகிறது? டாங்கி ஓடுவதால். ஏன் டாங்கி ஓடினால் போகிறது? லைனில் லோடு. ஏன் லோடு? வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர். ஏன் இரண்டு? மனைவி பத்தி எழுதுகிறாள்.

ஐந்தாவது 'ஏன்' கேட்க நான் விடவில்லை.

அடுத்து, மீன் முள் மாதிரி ஒரு படம். மனிதர், மெஷின், மெட்டீரியல், மெத்தட் என்று ஆளுக்கொரு முள். வெங்காயம்கூட யோசித்து வாங்குகிற சைவ வீட்டில் காலண்டரின் பின்பக்கம் பூராவும் மீன் முள்! ஃப்ரிட்ஜை அணைத்துப் பார்த்தார். ஸ்டெபிலைசர் மாற்றினார். விண்டோஸை இரண்டு தடவை அழித்துப் போட்டார். வியாழக்கிழமைகளில் மிக்ஸிக்குத் தடை. இட்லிக்கு மூன்று வாரம் பொடிதான். கேபிள்காரர் வந்து கம்ப்யூட்டரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கேம் பஹுத் ஹெவி ஹை, மேடம்" என்று விளையாட்டின் கனத்தின் மேல் பழியைப் போட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

இரண்டாவது வாரமும் பத்தி போகாததும் ஆசிரியர் போன் செய்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "மேடம், ராசிபலனுக்கு நல்ல ரெஸ்பான்ஸ். மூணாவது வாரமும் முடியலைன்னா சொல்லுங்க… அதையே வச்சுக்கறோம்" என்றார், ரொம்ப மரியாதையாக.

காய்காரரிடம் இந்தி, சொசைட்டி மீட்டிங்கில் மராத்தி, பேங்கில் இங்கிலீஷ் என்று நாள் முழுக்க அரைகுறையாகவே பேசிக்கொண்டிருக்கிறவள் நான். வாரத்துக்கு ஒரு தடவை தமிழில் வாய் ஓயாமல் பேச எனக்கு இருப்பது இந்த ஒரு பக்கம்தான். அதுவும் போனால்? அன்றைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மூன்றாவது வியாழன். பத்தியை முடித்து நிமிர்ந்தால் மணி மூன்று இருபத்தைந்து. நெட் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, ஆகுர்டி நண்பர் வீட்டுக்காவது ஆட்டோ பிடிக்கலாம் என்று படியில் ஓடினேன்.

கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அங்கே இருப்பவர் கடக்வாஸ்லாவில் ராணுவ ஸ்டோர் ஒன்றில் வேலை பார்த்து ரிடையர் ஆன பெரியவர். பில்டிங் முழுக்க அவருக்கு 'காகா', அதாவது சித்தப்பா. எங்கள் எல்லோருடைய நெட் வயர்களும் வந்து சேரும் டப்பா அவர் வீட்டு ஹால் சுவரில்தான் இருக்கிறது. அவர் வீட்டு பிளக்கில்தான் கரண்ட்.

காகா பனியனும் கோடு போட்ட பைஜாமாவுமாக நின்றிருந்தார். பிடுங்கிய பிளக் கையில். டப்பாவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, ஸ்டூல் மேல் டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"காகா! யே க்யா?"

உதட்டில் விரல் வைத்தார். "ஷ்ஷ்… ஆராம்." ஓய்வாம்!

டப்பாவில் வீட்டுக்கு ஒரு லைட். வியாழன் மதியமானால் எங்கள் நாலாம் நம்பர் மட்டும் படபடவென்று துடிக்கிறதாம். பில்டிங் தண்ணீர் மோட்டாரும் காகா பொறுப்புதான். இருபது நிமிடம் ஓட்டி, அரை மணி ஆற விடுவார். பன்னிரண்டு வருஷமாக அதில் ஒரு காயில்கூட எரிந்துபோனதில்லை. இந்த டப்பாவையும் அப்படியே, தூக்கத்துக்கு நடுவே எழுந்து எழுந்து வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சார் நம்பர் கித்னா தட்பதா ஹை, பேட்டா! உஸ்கோ பி ஆராம் சாஹியே நா?" நாலாம் நம்பர் எப்படித் துடிக்கிறது, அதற்கும் ஓய்வு வேண்டாமா என்று என்னையே கேட்டார். மதியத்தில் ஊருக்கே ஓய்வு உண்டு, நாலாம் நம்பர் மட்டும் என்ன பாவம் செய்தது?

பிளக்கைச் சொருகச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பத்து நிமிடம் ஓய்வு பாக்கி இருக்கிறதாம்! அந்தப் பத்து நிமிடமும் ஃபேன் காற்று வாங்கும் டப்பாவுக்கு எதிரே கைகட்டி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பத்தி போனபோது மூன்று ஐம்பது.

இவரிடம் வந்து சொன்னேன். காலண்டரை எடுத்து வெகுநேரம் பார்த்தார். இரக்கத்துக்கு என்று ஒரு முள் அதில் இல்லை. எனக்கென்னவோ வீட்டில், ஆபீஸில், எங்கேயுமே பாதிக் கோளாறு யாரோ ஒருவரின் நல்ல மனசால்தான் வருகிறது என்று தோன்றுகிறது. கெட்ட மனசு என்றால் சண்டையாவது போடலாம்.

டப்பாவுக்குக் களைப்பு வராது என்று விளக்க இன்ஜினீயர் கீழே போனார். "உங்களை மாதிரி எத்தனையோ இன்ஜினீயர்களைப் பார்த்துவிட்டேன்" என்று காகா டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

நான் குறுக்கு வழி தேடினேன். அடுத்த வியாழன் காலை, காகா பால் வாங்கப் போன நேரத்தில் அவர் மனைவி காகுவிடம் பேச்சுக் கொடுத்தபடியே நாலாம் நம்பர் லைட் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டேன். துடிப்பது தெரிந்தால்தானே ஓய்வு?

பொல்லாத மூளை! லைட் எரியவில்லை, நாலாம் நம்பர் செத்தே போச்சு என்று காகா பதறிவிட்டார். உயிர் வரவழைக்க பிளக்கைப் பிடுங்குவதும் சொருகுவதுமாக மதியம் முழுக்க ஒரே வைத்தியம். மூன்றே முக்காலுக்கு நான் போய்ப் பொட்டை உரித்தேன். இதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"காகா, அந்த நாலாம் நம்பர் வழியாத்தான் என் எழுத்து போகுது. சென்னைப் பத்திரிகைக்கு. நீங்க நிறுத்தினா அது நின்னுடும்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

காகா பிளக்கைச் சொருகினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தியை விட்டு மராத்திக்கு மாறினார்.

"ஆதீ கா நாஹீ சாங்கித்லஸ்?"

முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார். நியாயம்தானே? மூன்று வாரம் மீன் முள் வரைந்தோமே, கீழே இறங்கி என் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னோமா?

இதோ இன்று வியாழன். ஒரு மணிக்கே காகா டப்பாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்றிலிருந்து நாலு வரை ஒரு புனேக்காரர் கண் விழித்திருக்கிறார் என்று இந்த ஊரில் சொல்லிப் பாருங்கள், ஒருவரும் நம்ப மாட்டார்கள். இரண்டு மணிக்கு எங்கள் வீட்டு பெல் அடித்தது. காகா உள்ளே எட்டி, என் கணவரைப் பார்த்து, "டாங்க் பந்த்! பெஹலே இஸ்கா லிக்னா ஜாயேகா!" என்றார். முதலில் இவள் எழுதியது போகட்டும் என்று ஆர்டர். இவர் மறுபேச்சில்லாமல் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

இப்போது மணி மூன்று நாற்பது. கீழே கொட்டாவிச் சத்தம் படி வழியாகக் கேட்கிறது. தமிழில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாத மனிதர், மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு அனுப்பி வைக்கிற பத்தி இது.

படிக்கத் தெரிந்த நீங்கள் ஒரு கார்டாவது போடக்கூடாதா?